இரண்டு விநாடி வேலை: சீட் பெல்ட்டின் நீண்ட சண்டை

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு வாடகைக் கார் எடுத்தோம். புது வண்டி. டிரைவர் தம்பிக்கு வண்டி மேல ஒரே பெருமை. "ஆறு ஏர்பேக் சார், டாப் மாடல்" என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். பின்சீட்டில் அம்மா, என் அக்கா, அக்கா மடியில் அவள் மகன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு அம்மாவுக்கு பெல்ட் போட்டுவிடலாம் என்று பார்த்தால், பெல்ட் இருக்கிறது, அதை மாட்டுகிற பூட்டு இல்லை. சீட் கவர் தைத்தவர் அதை அடியில் தள்ளி மூடிவிட்டார். தம்பியிடம் கேட்டால், "பின்னாடி எதுக்கு சார்? ஏர்பேக்தான் இருக்கே!"

அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். தம்பியைக் குறை சொல்ல எழுதவில்லை. இதே வாதத்தை அமெரிக்க அரசாங்கமும் கார் கம்பெனிகளும் ஏறத்தாழ முப்பது வருஷம் வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கின்றன. அந்தச் சண்டையில் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்து படிக்க ஆரம்பித்தவன், நான்கு வாரமாக இதிலேயே கிடக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு கார் மோதும்போது உண்மையில் மூன்று மோதல்கள் நடக்கின்றன. முதலில் கார் சுவரில் மோதுகிறது. அடுத்து, நின்றுபோன காருக்குள் இன்னும் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும் மனுஷன், டேஷ்போர்டிலோ முன்சீட்டிலோ மோதுகிறான். மூன்றாவது, நின்றுபோன உடம்புக்குள் மூளையும் ஈரலும் இதயமும் எலும்பில் மோதுகின்றன. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நமக்கு வேகமே இல்லை. ஊருக்குள் ஓட்டுகிற வேகம். ஆனால் அந்த வேகத்தில் சுவரில் மோதுவதும், சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதும் ஒன்றுதான். மூன்றாவது மாடியிலிருந்து குதிக்கச் சொன்னால் யாரும் "கையை ஊன்றிக்கொள்கிறேன்" என்று சொல்ல மாட்டோம். காரில் மட்டும் சொல்கிறோம்.

பிழைப்பதும் சாவதும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. காரின் முன்பக்கம் நசுங்கி, பெல்ட் கொஞ்சம் நெகிழ்ந்து, மொத்தம் 60 சென்டிமீட்டர் தூரத்தில் உடம்பு நின்றால் அதன் மேல் விழுவது புவியீர்ப்பைப் போல சுமார் 16 மடங்கு. பெரியவர்கள் இதைத் தாங்கிவிடலாம். பெல்ட் இல்லாமல் டேஷ்போர்டில் போய் 5 சென்டிமீட்டரில் நின்றால் கிட்டத்தட்ட 200 மடங்கு. வேகம் ஒன்றுதான். வித்தியாசம் அந்த 55 சென்டிமீட்டரில் இருக்கிறது.

இதையே இன்னொரு விதமாகப் பாருங்கள். அந்த 16 மடங்கில், அக்கா மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தை 160 கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடிக்க முடியாது. பாசம் குறைவு என்பதால் இல்லை, கணக்கு அப்படி.

விமானத்திலிருந்து இறங்கி வந்த யோசனை

இந்தக் கணக்கை முதலில் உடம்பில் அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்கர். முதல் உலகப் போரில் விமானப் பயிற்சியில் இருந்தபோது, 1917-ல் இன்னொரு விமானத்தோடு மோதிக் கீழே விழுந்தார். உள்ளுறுப்புகள் கிழிந்தும் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவர் யோசித்தது, "நான் எப்படிப் பிழைத்தேன், என்னைக் காயப்படுத்தியது எது?" என்று. தன் வயிற்றைக் கிழித்தது இடுப்பு பெல்ட்டின் துருத்திய கொக்கிதான் என்ற முடிவுக்கு வந்தார். அப்போது மற்றவர்கள் "விதி" என்று விட்டுவிட்ட இடத்தில் அவர் வடிவமைப்புத் தப்பைப் பார்த்தார்.

1942-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றியது. விழுகிற இடம் கொஞ்சம் குழிந்து கொடுத்தால், பாரம் உடம்பில் பரவலாக விழுந்தால், மனுஷ உடம்பு நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்கும் என்று காட்டினார். இன்றைய கார் பாதுகாப்பின் அடிப்படை இதுதான்.

அடுத்தவர் ஜான் ஸ்டாப், அமெரிக்க விமானப்படை டாக்டர். 1954 டிசம்பரில் நியூ மெக்ஸிகோவில் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 632 மைல் வேகத்தில் போய், ஒரு விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் நின்றார். 46 மடங்கு புவியீர்ப்பு. கண்ணில் ரத்தம் கட்டியது, ஆனால் பிழைத்தார். சரியாகக் கட்டியிருந்தால் மனுஷன் தாங்குவான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? விமானப்படை ஆட்கள் விமானத்தில் சாவதைவிட கார் விபத்தில் அதிகம் சாகிறார்கள் என்பதைக் கவனித்து, ஸ்டாப் அதன் பிறகு கார்களின் பக்கம் திரும்பினார்.

அப்போது சில கார்களில் பெல்ட் இருந்தது. ஆனால் இடுப்பை மட்டும் கட்டுகிற பெல்ட். மோதும்போது உடம்பு மடங்கித் தலை போய் இடிக்கும், பெல்ட் வயிற்றில் ஏறிக் குடலைக் கிழிக்கும். 1951-ல் ராஜர் கிரிஸ்வோல்ட் என்பவரும் நம்ம டிஹேவனும் சேர்ந்து தோளையும் இடுப்பையும் பிடிக்கிற மூன்று முனை பெல்ட்டுக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஆனால் அதில் கொக்கி வயிற்றின் மேலேயே உட்கார்ந்தது. கொக்கியால் அடிபட்ட மனுஷர், திரும்பவும் கொக்கியை அங்கேயே வைத்துவிட்டார்!

அதைச் சரி செய்தவர் நில்ஸ் போலின், ஸ்வீடன்காரர். சாப் நிறுவனத்தில் போர்விமானங்களின் வெளியேற்ற இருக்கை, அதாவது ஆபத்தில் விமானியோடு சேர்த்து மேலே தூக்கி எறியும் இருக்கை செய்துகொண்டிருந்தவர். 1958-ல் வோல்வோவுக்கு வந்தார். விமானிகள் உயிர் பிழைக்க எந்தப் பட்டையைக் கட்டச் சொன்னாலும் கட்டிக்கொள்வார்கள். கார் ஓட்டுகிறவர்கள் ஒரு நிமிஷம் கூட அசௌகரியத்தைப் பொறுக்க மாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. அதனால் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட நிபந்தனைகள் மிக எளிமையானவை. ஒரே கையால் மாட்ட வேண்டும். தோள்பட்டையும் இடுப்புப்பட்டையும் இடுப்புக்குப் பக்கத்தில், கீழே, ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். பாரம் வயிற்றில் விழாமல் இடுப்பெலும்பிலும் நெஞ்சுக்கூட்டிலும் விழ வேண்டும்.

1959 ஆகஸ்டில் அந்த பெல்ட்டோடு முதல் வோல்வோ விற்பனைக்குப் போனது. வோல்வோ காப்புரிமையை வைத்துக் காசு பார்க்கவில்லை, மற்ற கம்பெனிகள் பயன்படுத்திக்கொள்ள விட்டுவிட்டது. 1967-ல் ஸ்வீடனில் நடந்த 28,000 விபத்துகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பெல்ட் போடாதவர்கள் எல்லா வேகத்திலும் செத்திருந்தார்கள். போட்டவர்களில், மணிக்கு 60 மைலுக்குக் கீழ் நடந்த விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இப்போது உங்கள் பெல்ட் என்ன செய்கிறது

அதற்கு முன் ஒரு நிமிஷம். இன்றைய பெல்ட்டைப் பார்த்தால் வெறும் நாடா மாதிரிதான் இருக்கும். உள்ளே நிறைய நடக்கிறது.

நிதானமாக இழுத்தால் பெல்ட் வரும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பட்டை சுற்றியிருக்கும் உருளையில், சட்டென்று வேகம் ஏறினால் பல் மாட்டுகிற அமைப்பு இருப்பதுதான் காரணம். இது தவிர, கார் திடீரென்று வேகம் குறைந்தால் நகரும் ஒரு சின்னக் குண்டோ ஊசலோ இருக்கிறது. நீங்கள் பெல்ட்டை இழுக்காவிட்டாலும் அது உருளையைப் பூட்டிவிடும்.

அடுத்து, தளர்ச்சியை எடுப்பது. மோதல் என்று உணரி சொன்ன உடனே ஒரு சின்ன வெடிமருந்து வெடித்து, பெல்ட்டைச் சில சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்து உங்களை இருக்கையோடு சேர்க்கும். நீங்கள் முன்னால் சாய ஆரம்பிக்கும் முன்பே இது முடிந்துவிடும். 

அதன் பிறகு, விட்டுக்கொடுப்பது. இழுவிசை ஓர் அளவுக்கு மேல் போனால் நெஞ்செலும்பு உடையும். அதனால் உருளைக்குள் ஒரு இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு, பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். முதலில் இறுக்கிப் பிடித்து, பிறகு பார்த்து விடுவது. மாடு பிடிக்கிறவர்களுக்கு இந்தக் கயிற்று வித்தை நன்றாகப் புரியும்.

இவ்வளவும் பெல்ட் மாட்டியிருந்தால்தான். அந்த "கிளிக்" இல்லாவிட்டால் எதுவும் உங்களுக்கு இல்லை.

நாயைக் கட்டினால்தான் வண்டி ஓடும்

சரி, சண்டைக்கு வருவோம். 1965-ல் ரால்ஃப் நாடர் அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பின்மையைப் பற்றி எழுதிய புத்தகம் பெரிய புயலைக் கிளப்பியது. 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு கார்களில் பெல்ட் கட்டாயமாக இருந்தது. ஆனால் ஆட்கள் போடவில்லை. 1980களின் தொடக்கத்தில்கூட அமெரிக்காவில் பெல்ட் போட்டவர்கள் 100க்கு 14 பேர் அளவில்தான்.

போடாத மனுஷனை என்ன செய்வது? இரண்டு வழி யோசித்தார்கள். ஒன்று, போட வைப்பது. இன்னொன்று, போடாமலேயே காப்பாற்றுவது.

முதல் வழியில், 1974 மாடல் கார்களில் முன்சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது என்று செய்தார்கள். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். பக்கத்து சீட்டில் மளிகைப் பையை வைத்தால் வண்டி ஓடாது. நாய் உட்கார்ந்தால் ஓடாது. நாய்க்கு பெல்ட் போட்டால் ஓடும். மெக்கானிக்கிடம் போய் ஒயரை வெட்டிக்கொண்டார்கள், பெல்ட்டை மாட்டிவிட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் காங்கிரஸ் சட்டம் போட்டு இதைத் தடை செய்தது. பெல்ட் எச்சரிக்கைச் சத்தத்தை எட்டு விநாடிக்கு மேல் கட்டாயமாக்கவும் கூடாது என்றது. ஒரு நாட்டின் சட்டசபை உட்கார்ந்து, உயிரைக் காப்பாற்றும் மணி எத்தனை விநாடி அடிக்கலாம் என்று முடிவு செய்தது!

இரண்டாவது வழிதான் ஏர்பேக்.

கையை நீட்டிய அப்பா

ஏர்பேக்கின் கதை ஒரு குடும்பப் பயணத்தில் தொடங்குகிறது. 1952-ல் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவி, மகளோடு காரில் போகிறார். குறுக்கே ஏதோ வர, பிரேக்கை மிதித்து வண்டியை ஒடிக்கிறார். அந்த நொடியில் அவரும் மனைவியும், நடுவில் உட்கார்ந்திருந்த மகளுக்குக் குறுக்கே கையை நீட்டினார்கள். பைக்கில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஓட்டுகிற எல்லா அப்பாக்களும் செய்கிற வேலைதான். கைக்குப் பதிலாக வேறு ஏதாவது வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று அன்று ராத்திரியே படம் போட ஆரம்பித்தார். 1953-ல் காப்புரிமை கிடைத்தது. கார்களில் ஏர்பேக் வந்தபோது காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அவருக்குக் காசு எதுவும் கிடைக்கவில்லை.

யோசனை எளிது, செய்வது கஷ்டம். மோதல் தொடங்கி முடிவதற்கு சுமார் பத்தில் ஒரு விநாடிதான். அதற்குள் இது மோதலா, வேகத்தடையா என்று தெரிந்து, பையை ஊதி முடிக்க வேண்டும். அழுத்தக் காற்றால் அந்த வேகம் வரவில்லை. ஆலன் ப்ரீட் என்பவர் 1960களின் கடைசியில், காந்தம் பிடித்துவைத்திருக்கும் ஒரு குண்டு மோதலில் விடுபட்டுப் போய் மின்சுற்றை மூடுகிற உணரியைச் செய்தார். காற்றுக்குப் பதிலாக, எரிந்தால் நைட்ரஜன் வாயுவைக் கக்கும் சோடியம் அசைடு வந்தது. இன்று குண்டுக்குப் பதில் நகத்தைவிடச் சின்ன சிலிக்கான் சில்லு. பை விரிய ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு போதும். அந்த வேகத்தில்தான் சிக்கலும் இருந்தது.

அமெரிக்க விதி எண் 208 மேல் நடந்த இழுபறி பெரிய கதை. கம்பெனிகள் ஜனாதிபதி வரை போய்ப் புலம்பின. 1981-ல் ரீகன் அரசு விதியை ரத்து செய்தது. 1983-ல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து சரியில்லை என்றது. அதற்குள் அந்த ஒரு விதி மேல் சுமார் 60 அறிவிப்புகள் வந்திருந்ததாகத் தீர்ப்பே சொல்கிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அமெரிக்க விதி கேட்டது என்ன? பெல்ட் *போடாத*, சராசரி உடம்புள்ள ஓர் ஆண் பொம்மையை, மணிக்கு 30 மைல் மோதலில் ஏர்பேக் தனியாகக் காப்பாற்ற வேண்டும். சுமார் 78 கிலோ ஆம்பளை முழு வேகத்தில் பறந்து வருவதைத் தடுக்க, பை பெரிதாகவும் மிக முரட்டுத்தனமாகவும் விரிய வேண்டியிருந்தது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் 1980 கடைசியில் ஏர்பேக் கொடுத்தபோது அதை பெல்ட்டுக்குத் துணையாகத்தான் வைத்தது. ஸ்டியரிங்கில் "எஸ்ஆர்எஸ்" என்று போட்டிருக்குமே, அதில் முதல் எழுத்துக்குப் பொருளே "துணை" என்பதுதான். அமெரிக்கா அதை மாற்றாக நினைத்தது.

விளைவு 1990களில் தெரிந்தது. நின்று நின்று போகிற சாதாரண வேகத்தில் சின்ன இடி, கார் அதிகம் நசுங்கவில்லை, ஆனால் முன்சீட்டில் இருந்த குழந்தை செத்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்கிற குள்ளமான பெண்கள் செத்தார்கள். 1990 முதல் 2008 வரை அமெரிக்காவில் மெதுவான மோதல்களில் ஏர்பேக் விரிந்ததாலேயே 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 100க்கு 80 பேருக்கு மேல் பெல்ட் போடாதவர்கள், அல்லது சரியாகப் போடாதவர்கள். பிரேக் பிடித்ததுமே அவர்கள் முன்னால் சரிந்து, பை வெடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போயிருந்தார்கள்.

1997-ல் ஏர்பேக்கின் வேகத்தைக் குறைக்க அனுமதித்தார்கள். 2000-ல் வந்த புது விதி, சின்ன உடம்புள்ள பெண் பொம்மையையும் குழந்தைப் பொம்மைகளையும் சோதனையில் சேர்த்தது. இருக்கையில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு எடை என்று பார்த்து விரிகிற ஏர்பேக்குகள் வந்தன. அதே காலத்தில், 1984-ல் நியூயார்க்கில் தொடங்கி மாநிலம் மாநிலமாக பெல்ட் சட்டம் வந்தது. இன்று அங்கே முன்சீட்டில் 100க்கு 90 பேர் போடுகிறார்கள். முப்பது வருஷம் சுற்றிவிட்டு, கடைசியில் போலின் சொன்ன அந்த இரண்டு விநாடி வேலைக்கே வந்து சேர்ந்தார்கள். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும், ஏர்பேக் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்போதுதான் அதன் முழுப் பலன்.

நம்ம ஊரில்

நாம் இப்போது அமெரிக்கா 1974-ல் நின்ற இடத்தில் நிற்கிறோம். பெல்ட் சத்தத்தை அடக்க, பூட்டில் மட்டும் செருகுகிற வெறும் கொக்கியை இணையத்தில் விற்றார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு அதை எடுக்க வைத்தது. ஒயரை வெட்டிய அமெரிக்கர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில், 138(3)-ல் இருக்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், முன்னால் இருந்த இரண்டு பேரும் காயத்தோடு பிழைத்தார்கள், பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். ஒரு வாரம் எல்லாரும் பேசினோம். அந்த ஒரே வருஷத்தில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. அதில் பாதிப்பேர், 8,331 பேர், பயணிகள்.

இன்னொன்றும் உண்டு. பின்சீட்டில் பெல்ட் போடாதவர் தன்னை மட்டும் பணயம் வைக்கவில்லை. 60 கிலோ மனுஷர், அதே 16 மடங்குக் கணக்கில், கிட்டத்தட்ட ஒரு டன் பாரமாகப் போய் முன்சீட்டின் முதுகில் மோதுவார். முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

வாடகைக் காருக்கே வருகிறேன். சீட் கவரின் தையலைப் பிரிக்கட்டுமா என்று கேட்டேன். தம்பிக்கு மனசே இல்லை, புதுக் கவர். "முன்சீட்டுல உக்காந்திருக்குறது நீங்கதான் தம்பி, அம்மா உங்க முதுகுல வந்து விழுவாங்க" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அவரே டூல்ஸ் டப்பாவிலிருந்து பிளேடை எடுத்துக் கொடுத்தார். பூட்டு மூன்றும் புத்தம் புதுசாக, ஒரு தடவைகூடப் பயன்படாமல் உள்ளே கிடந்தன. அம்மா "இது கழுத்தை அறுக்குதுடா" என்று திருமங்கலம் வரை சொல்லிக்கொண்டு வந்தார், அப்புறம் தூங்கிவிட்டார். அக்கா மகனுக்குத்தான் எங்களிடம் எதுவும் இல்லை. குழந்தை இருக்கை வாங்கவில்லை, மடியில்தான் வந்தான். மேலே எழுதிய 160 கிலோ கணக்கு வீட்டுக்கு வந்த பிறகு போட்டது. கல்யாணத்திலிருந்து திரும்பியதும் நான் முதலில் வாங்கியது அந்த இருக்கையைத்தான்.

உங்கள் காரில் பின்சீட் பூட்டுகள் வெளியே தெரிகின்றனவா? இன்றைக்கு ஒரு தடவை கையை விட்டுத் தேடிப் பாருங்கள்.